லென்சு அண்ணாச்சி வீட்டுச் சுவர்

சிவகாசியில் தன் நிழலையே திரும்பிப் பார்த்து, "ஏலே, எதுக்கு என் பின்னாலேயே வாரே?" என்று கேட்கக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் லென்சு அண்ணாச்சி. மற்றவர்களுக்குச் சளி வரும், காய்ச்சல் வரும். அவருக்குச் சந்தேகம் மட்டும்தான் வரும். விடியற்காலையில் சேவல் கூவினால், கூவுவது நம் சேவல்தானா, அல்லது நம் சேவல் மாதிரி எவனாவது கூவுகிறானா என்று யோசித்துவிட்டுத்தான் பாயை விட்டு எழுந்திருப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஓர் அச்சாபீசில் கிளார்க்காகப் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சிக்கும் அதே அச்சாபீஸ்தான். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர்ப் படம் எல்லாம் அப்போது பெரும்பாலும் கல்லச்சில் ஓடும். வழவழப்பான ஒரு பெரிய கல்லில் படத்தை வரைந்து, மை ஏற்றி, காகிதத்தில் ஒற்றி எடுப்பார்கள். காகிதத்தில் நேராக விழ வேண்டுமானால் கல்லில் எல்லாம் இடம் வலம் மாறி இருக்க வேண்டும். அப்படி மாறிக் கிடக்கும் படத்தையும் எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "சரி, மிஷின்ல ஏத்து" என்று சொல்லுகிற வேலை அண்ணாச்சிக்கு. அந்தக் கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். வேலை முடிந்த பிறகும் கழற்ற மாட்டார். அதனால் ஊர் வைத்த பெயர் லென்சு. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதை அவர் யாரிடமும் காட்டியதில்லை.

வருஷக்கணக்காக மாறிக் கிடக்கும் உலகத்தையே பார்த்துப் பார்த்து, அவர் கண்ணுக்கு அதுதான் நேர் என்று ஆகிப்போயிருந்தது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால், பின்னால் ஒருவர் விரித்துப் பிடித்திருக்கும் பேப்பரை எதிர்க் கண்ணாடியில் பார்த்து மளமளவென்று வாசிப்பார். அதே பேப்பரைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவார்.

காய்கறிக் கடையில் கத்திரிக்காயை லென்சில் பார்ப்பார்.

"அண்ணாச்சி, காய் வாங்க வந்தீகளா, கைரேகை பாக்க வந்தீகளா?" என்பாள் கடைக்காரம்மா.

"இதுல ஒரு ஓட்டை இருக்கே."

"அது காம்பு ஒடிஞ்ச எடம் அண்ணாச்சி."

"ஒடிஞ்சதுன்னு நீ சொல்லுதே" என்று அடுத்த காயை எடுப்பார்.

தபால்காரர் அவர் வீட்டைத் தாண்டிப் போனால் மறித்துவிடுவார். "எனக்குக் கடுதாசி இல்லையா?" "இல்ல அண்ணாச்சி." "ஏன் இல்ல?" "யாரும் போடல." "யாரும் போடலைங்கிறது ஒமக்கு எப்படித் தெரியும்?" தபால்காரர் பிள்ளைகுட்டிக்காரர். கொஞ்ச நாளில் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார். அவர் ஏன் சந்து வழியாகப் போகிறார் என்று அண்ணாச்சிக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது.

அவர் வீட்டு மாடி அறையை வாடகைக்குக் கேட்டு நான் போன கதை தனி.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மதுரை, அண்ணாச்சி."

"அங்கன வீடு இருக்கா?"

"இருக்கு."

"வீடு இருக்கும்போது இங்கன எதுக்கு வீடு கேக்கீக?"

"வேலை இங்கேதானே அண்ணாச்சி?"

"ஏன், அம்புட்டுப் பெரிய மதுரையில வேலை இல்லையாக்கும்?"

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி, நான் பிற்பாடு மதினி என்று கூப்பிட்ட அந்த அம்மாள், "ஏங்க, அந்தத் தம்பிக்கு மொதல்ல ஒரு வாய் தண்ணியக் குடுங்க" என்றார்.

"தண்ணி கேட்டாரா?"

"கேக்கல."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏன் கேக்கல?"

இத்தனைக்கும் மேலே அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது. யார் மீதாவது சந்தேகம் வந்தால் என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார். பக்கத்தில் போய் நின்று, வேட்டி நுனியால் லென்சைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு எல்லாம் தெரியும்" என்பார். அப்புறம் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் எதிரே நிற்பவன் எதையாவது கக்கிவிடுவான். அச்சாபீஸ் வாட்ச்மேனிடம் ஒரு நாள் அப்படிச் சொன்னதற்கு, அந்த மனிதர் சின்ன வயதில் சாத்தூர்ச் சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டியைத் திருடியதைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணாச்சி கேட்க வந்தது குடோன் பூட்டைப் பற்றி. லென்சு அண்ணாச்சி 'தெரியாது' என்று சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டுச் சுவர் முழுக்கச் சிரிப்புப் படம் ஒட்டினார் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. ஒருவழியாக எனக்குக் கிடைத்த அந்த அறைக்கு மாடிப்படி ஏறும்போது என் தோளில் பசை ஒட்டியபோதுதான் நம்பினேன்.

எங்கள் அச்சாபீஸ் குடோனில் பழைய கற்கள் சில அழிக்கப்படாமல் கிடந்தன. பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ ஓர் ஓவியர் கிராமத்துக் காட்சிகளைக் கிண்டலாக வரைந்து வைத்த கற்கள். ஒரு படத்தில், வரப்பில் உட்கார்ந்து சம்சாரி ஒருவர் கும்பாவில் கம்மஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறார். அந்தப் பக்கத்தில் சம்சாரி என்றால் விவசாயி. கடித்துக்கொள்ள வைத்திருந்த வெங்காயத்தைக் காக்கை தூக்கிக்கொண்டு போகிறது. இன்னொன்றில் வண்டிக்காரர் தூங்குகிறார். மாடுகள் இரண்டும் அவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ யோசிக்கின்றன. ஒரு மரத்தடியில் நாவிதர் ஒருவருக்குச் சவரம் செய்கிறார். அந்த ஆளின் வேட்டியை ஆடு தின்றுகொண்டிருக்கிறது. ஓர் அம்மாள் துடைப்பத்தோடு கோழியைத் துரத்துகிறாள். கோழி கூரை மேல் ஏறிவிட்டது, அவள் புருஷன் அதற்கும் மேலே பனைமரத்தில் இருக்கிறார். சம்சாரிகளுக்குக் கொடுக்கும் காலண்டரில் போட, இந்தப் பழைய படங்களையே மறுபடி அச்சடித்துத் தரச் சொல்லிப் பம்புசெட் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுத்தது.

அப்போதுதான் ஆப்செட் மிஷின் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதில் படம் முதலில் ஒரு ரப்பர் விரிப்பில் விழுந்து, அங்கிருந்துதான் காகிதத்துக்குப் போகும். இரண்டு தரம் திரும்புவதால் மிஷினில் மாட்டும் தகட்டில் படம் நேராகவே இருக்க வேண்டும். கல்லில் ஊறிய ஆட்களுக்கு அது கைக்கு வரவில்லை. பழைய வழக்கப்படி தகட்டிலும் மாற்றியே ஏற்றிவிட்டார்கள். அண்ணாச்சியும் லென்சு வைத்துப் பார்த்து, "சரி" என்று சொல்லிவிட்டார். படத்தில் ஓர் எழுத்து இருந்திருந்தாலும் குட்டு அப்போதே உடைந்திருக்கும். எழுத்தெல்லாம் பிற்பாடு தனியாக அச்சாவதாக இருந்தது.

ஒரு லோடு ஓடி முடிந்த பிறகு மிஷின்மேன் வேலுச்சாமி தாளை எடுத்துப் பார்த்தார். கம்மஞ்சோற்றுக்காரர் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாவிதரின் கத்தி இடது கையில். கோழியைத் துரத்தும் அம்மாளுக்குத் துடைப்பம் இடது கையில், மாராப்பு வலது தோளில்.

"ஏலே, இது மட்டும் லென்சு காதுல விழுந்துச்சு, சீசன் முடியற மட்டும் விசாரணைதான்" என்று வேலுச்சாமி மற்றவர்களை எச்சரித்தார். சத்தம் போடாமல் தகட்டைத் திருத்தி மறுபடி ஓட்டினார்கள். மாறி விழுந்த தாள்களை வேஸ்ட் குடோனில் தள்ளினார்கள். வேஸ்ட் காகிதம் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விடும். அங்கே வெடிக்குக் குழாயாகச் சுற்றுவார்கள். தீபாவளியன்று தடயம் பஞ்சு பஞ்சாகப் பறந்துவிடும் என்பது வேலுச்சாமியின் கணக்கு. எல்லார் மேலும் எல்லா நேரமும் சந்தேகப்பட்ட மனிதரிடம், உண்மையாகவே ஒரு விஷயத்தை மறைத்தது அந்த ஒரு தடவைதான்.

வேஸ்ட் என்ற பெயரில் நல்ல காகிதம் வெளியே போகிறதோ என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? மறுநாளே குடோனுக்குள் நுழைந்தார். மேலே கிடந்த தாளை எடுத்தார். லென்சை வைத்தார். தகட்டில் கோட்டையும் புள்ளியையும் மட்டும் பார்த்தவர், அப்போதுதான் படத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. யாருக்கோ வலிப்பு என்று மிஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் ஓடினோம். அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பழக்கமில்லாததால் மூச்சு வாங்கியது.

இது ஏன் வேஸ்ட்டுக்கு வந்தது என்று கேட்கவும் மறந்து, ஒரு கட்டுத் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வேலுச்சாமிக்கு முகம் வெளிறிவிட்டது. "சாட்சிக்கு எடுத்துட்டுப் போறாருலே" என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து, அண்ணாச்சி வீடு முழுக்க ஒட்டினார். முன்னறையில் நான்கு சுவரும், அடுப்படிக் கதவும், மாடிப்படிச் சுவரும் சம்சாரிகளாக நிறைந்தன. வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று சிரிப்பார். வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவர் அவர். மழை இல்லாமல் பிழைப்புக்கு டவுனுக்கு வந்த குடும்பம்.

"தம்பி, இந்த ஆளு மூஞ்சியப் பாருங்க. மனசுல இருக்கிறது பூரா மூஞ்சில இருக்கு. இந்த மாதிரி ஆளுகளோடதான் நான் வளந்தேன். இங்கன ஒருத்தன் மூஞ்சியும் இப்படித் தொறந்து கெடக்கல" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலில் பாதி போய்விட்டது.

ஆனால் தெருவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. வீடு நிறைய இடது கையால் சாப்பிடுகிற ஆட்களை ஒருவர் எதற்காக ஒட்ட வேண்டும்? எதிர்வீட்டு அம்மாள், "ஏதோ பரிகாரமா இருக்கும்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர், "நம்மளத்தான் கேலி பண்ணுதாரு. அந்தக் கோழி எங்க வீட்டுக் கோழியேதான்" என்று அடித்துச் சொன்னார். நேரில் போய்க் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. நானும் முதல் நாளே கவனித்தேன். வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்காததற்காக நடந்த விசாரணை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

அண்ணாச்சி அந்தச் சுவரை வெறும் அலங்காரமாக விட்டு வைக்கவில்லை. அதை வைத்து மனிதர்களைச் சோதிக்கலாம் என்று கண்டுபிடித்தார். வருகிறவர்களைச் சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார வைப்பார். "இதைப் பாத்துச் சிரிக்காதவன் மனசுல கள்ளம் இருக்கு" என்பது அவர் சித்தாந்தம். இந்தப் பரீட்சையில் மாட்டிக்கொண்டது அவருடைய ஒரே மகள் செண்பகத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள்தான்.

செண்பகம் அமைதியான பெண். பார்ப்பதை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவள். அவளோடு படித்தவர்கள் எல்லாரும் கையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று பிள்ளைகளோடு வந்து போனார்கள். விருதுநகரிலிருந்து வந்த மாப்பிள்ளை படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டான். "கள்ளச் சிரிப்பு" என்றார் அண்ணாச்சி. சாத்தூர் மாப்பிள்ளை ஆடு வேட்டி தின்பதைப் பார்த்து மட்டும் சிரித்தான். "அடுத்தவன் மானம் போறதுல அம்புட்டு சந்தோஷம் அவனுக்கு." இன்னொருவன் சிரிக்கவே இல்லை, பல்வலி. "எந்தப் பல்லுன்னு கேட்டேன், முழிச்சான்" என்று அவனையும் தள்ளினார். மதினி அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வது மாடிப்படியிலிருந்து எனக்குத் தெரியும். இப்படியே போனால் செண்பகத்துக்குச் சுவரில் இருக்கும் வண்டிக்காரனைத்தான் கட்டிவைக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அப்போது மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பருத்தியும் மிளகாயும் போடுகிற சம்சாரிக் குடும்பம். பையன் பெயர் ராமசுப்பு. அவனைச் செண்பகம் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தாள். விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் மதினி கை தவறிப் போட்ட செம்பை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். மதினியிடம் செண்பகம், "அம்மா, இந்த எடம் தட்டிப் போச்சுன்னா இனிமே யாரையும் வரச்சொல்லாதீக. நான் வந்து நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் அதுவரை அத்தனை நீளமாகப் பேசியதில்லை. மதினி பயந்துபோய் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்களாச்சும் பக்கத்துல இருந்து இவுகளக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கோங்க" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அப்பா, அம்மா, பையன். அண்ணாச்சி அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார். என்னை இழுத்து, "நீங்க பையனைப் பாருங்க, நான் அப்பனைப் பாக்கேன்" என்று காதில் சொன்னார்.

பையனின் அப்பா சுவரைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. மதினி கதவருகே சாமியைக் கும்பிட்டார். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் அடுத்த படத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. மகனை முழங்கையால் இடித்தார். ராமசுப்பு சுவரைப் பார்த்தான். பார்த்த உடனே தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். அவன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தீகளா? மூணு பேரும் சிரிக்கல. பெருசா எதையோ மறைக்காக" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

செண்பகம் கேசரியும் சாத்தூர்க் காராச்சேவும் கொண்டுவந்து வைத்தாள். ராமசுப்பு வலது கையால் சேவை எடுத்தான். வாய்க்குப் போனதைவிடத் தரைக்குப் போனது அதிகம். காப்பி வேட்டியில் கொட்டியது. இடது கை மட்டும் தொடைக்கு அடியிலேயே இருந்தது.

"அந்தக் கையில என்னமோ வச்சிருக்கான்" என்றார் அண்ணாச்சி. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பயனில்லை. எழுந்து போய் அவர்கள் முன்னால் நின்றார். வேட்டி நுனியால் லென்சைத் துடைத்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும்."

பையனின் அப்பா விருட்டென்று எழுந்தார். "தெரிஞ்சுதான் எங்களை வரச்சொன்னீகளா?"

"தெரிஞ்சுதான்."

"எப்பத் தெரியும்?"

"எப்பவோ தெரியும்."

"யாரு சொன்னா?"

"சொல்லணுமாக்கும்? பாத்தாலே தெரியுதே!"

அவ்வளவுதான். அந்த மனிதர் வெடித்துவிட்டார். "ஆமாய்யா, எம்மவன் நொட்டாங்கைதான்! சின்னதுல இருந்து அடிச்சுப் பாத்தோம், கையக் கட்டிப் போட்டுப் பாத்தோம், மாறல. களை வெட்டினாலும் அந்தக் கைதான், சோறு தின்னாலும் அந்தக் கைதான். போன எடத்துல எல்லாம் இதைச் சொல்லியே பொண்ணு இல்லைன்னுட்டாக. அதான் ஒங்ககிட்ட மறைச்சோம். தப்புதான். அதுக்காக, வீட்டுக்கு வரச்சொல்லி, சுவரு பூரா நொட்டாங்கைச் சம்சாரியா ஒட்டி வச்சு, எதிர்ல ஒக்காத்தி வேடிக்கை பாப்பீகளா? இதுதான் ஒங்க டவுன் மரியாதையா?"

அண்ணாச்சியின் பரீட்சை முதல் தடவையாக உண்மையான ஒரு ரகசியத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் அவருக்குப் பாதிதான் புரிந்தது. "சுவரா?" என்றார். சுவரோரம் போனார். கம்மஞ்சோற்றுக்காரர் மீது லென்சை வைத்தார். தன் வலது கையால் சாப்பிடுவது போல ஒரு தரம் செய்து பார்த்தார். இடது கையால் ஒரு தரம் செய்து பார்த்தார். நாவிதரிடம் போனார். கோழிக்கார அம்மாளிடம் போனார். அவர் முதுகைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். விஷயம் விளங்கிவிட்டது என்பது அவர் பிடரியில் துளிர்த்த வியர்வையில் தெரிந்தது.

'எல்லாம் தெரியும்' என்று சொன்னதையே அவர் சாதித்தால் லென்சு என்ற பெயர் மிஞ்சும், சம்பந்தம் போய்விடும். கதவோரம் செண்பகம் காப்பித் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி திரும்பினார். அவளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"என்னது?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுய்யா. ஒங்க மகன் கையும் தெரியாது, இந்தப் படத்துல இருக்கிற கையும் தெரியாது. அச்சாபீசுல இதைச் சரிபாத்தவன் நான்தான். சரின்னு சொன்னவனும் நான்தான். மாறி விழுந்திருக்கு. நான் பாக்கல."

பையனின் அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தெனம் பாக்கிற சுவத்துல கை மாறி இருக்கிறது தெரியலையாக்கும்! கழுத்துல கண்ணாடி வேற! இதை நாங்க நம்பணும்?"

தன்னைச் சந்தேகப்படுகிற ஒரு முகத்தை எதிரே நின்று பார்க்கிற பாக்கியம் அண்ணாச்சிக்கு அன்றுதான் கிடைத்தது. லென்சைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"எந்திரிலே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டார். ராமசுப்பு எழுந்தான். ஆனால் வாசலைப் பார்க்காமல் உள்கதவைப் பார்த்தான். அங்கே செண்பகத்தைக் காணவில்லை.

அவள் தலைவாரும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். நேராகப் போய்க் கம்மஞ்சோற்றுப் படத்துக்கு எதிரே பிடித்தாள்.

"மாமா, இதுல பாருங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்தது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. அதிலும் 'மாமா' என்று வேறு கூப்பிட்டுவிட்டாள். அந்த மனிதர் கால் தானாக நின்றது. கண்ணாடிக்குள் கம்மஞ்சோற்றுக்காரர் ஒழுங்காக வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இதுதான் மாமா நேரான படம். மிஷின்ல மாறி விழுந்துருச்சு. அப்பா கல்லுல மாறிக் கெடக்கிறதையே பாத்துப் பாத்து, அவுகளுக்கு இதுதான் நேராத் தெரியும். சலூன்லகூடக் கண்ணாடியப் பாத்துத்தான் பேப்பர் படிப்பாக. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் வாய் வந்தது. "ஏத்தா, ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஒட்டின அன்னைக்கே தெரியும்ப்பா."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீக. அதைக் கெடுக்க மனசு வரல."

மதினி மெதுவாக, "எனக்கும் தெரியும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக, "எங்க எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி" என்று குரல் கொடுத்தாள். அண்ணாச்சி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். லென்சு அவர் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவுக கையும் எனக்குத் தெரியும். பொங்கக் கூட்டத்துல செம்பை எடுத்தது அந்தக் கையாலதான். பெறகுதான் வலது கைக்கு மாத்திக் குடுத்தாக. இந்தப் படத்தைப் பாத்தா, நம்மளப்போல இங்கனயும் ஆளு இருக்காகன்னு சந்தோஷப்படுவாகன்னு நெனச்சேன்."

முதலில் சிரித்தது ராமசுப்பு. காக்கை தூக்கிப் போகும் வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தானோ, செண்பகத்தைப் பார்த்துச் சிரித்தானோ, சத்தமாகச் சிரித்தான். அவன் அம்மா சிரித்தார். கடைசியில் அப்பாவும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டு, மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். ராமசுப்பு தொடைக்கு அடியில் நசுங்கிக் கிடந்த கையை ஆற அமர உதறிவிட்டு, அந்தக் கையாலேயே காராச்சேவை எடுத்தான். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அண்ணாச்சி லென்சைத் தூக்கி அவன் சிரிப்பைப் பார்த்தார்.

"பய ஒழுங்காத்தான் சிரிக்கான்" என்றார்.

மறுநாள் அச்சாபீசில் வேலுச்சாமி பக்கத்தில் போய் நின்று, "எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் உண்மையாகவே தெரிந்து சொன்னது அது ஒன்றுதான். பாவம் வேலுச்சாமி, அந்த விஷயத்தோடு கேட்காத விஷயங்கள் சிலவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி எதையும் விசாரிக்கவில்லை. செண்பகம் கல்யாணத்துக்குப் பாக்கு வைக்கும் நாளைச் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் எங்கள் தெருவில் பந்தல் போட்டு நடந்தது. அண்ணாச்சி திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். தாலியை லென்சில் பார்த்தார். வாழையிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயனக்காரர் ஊதுவதை நிறுத்தி மூச்சு விட்டபோது, ஏன் நிறுத்தினார் என்று கேட்டார்.

பந்தியில் மாப்பிள்ளை உட்கார்ந்தான். அத்தனை ஜனம் பார்க்கிறதே என்று அவன் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாம்பார் முழங்கை வரை ஓடியது. பட்டு வேட்டியில் பருப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பார்த்தும் பாராத மாதிரி இருந்தார்கள். அண்ணாச்சி அவன் பக்கத்தில் போய்க் குனிந்தார். நான் அடுத்த இலையில் இருந்ததால் என் காதில் விழுந்தது.

"மாப்ளே, இலையில இருக்கிறதவிட வேட்டியில கூட இருக்கு. ஒங்க கையாலயே சாப்பிடுங்க. எவனாச்சும் கேட்டா, அச்சுல மாறி விழுந்துருச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

ராமசுப்பு கை மாற்றினான். பந்தியில் சலசலப்பு எழுந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து நின்று லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு, முணுமுணுத்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். லென்சுக்குள் அந்த ஒற்றைக் கண் ஆப்பம் அளவுக்குத் தெரியும். அவரவர் தங்கள் பாயசத்துக்குத் திரும்பிக்கொண்டார்கள். மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

சில வருஷங்கள் கழித்து எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. சாத்தூர் ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினார். என் டிக்கெட்டை வாங்கி லென்சில் இரண்டு பக்கமும் பார்த்தார். "டிக்கெட்டு சரியாத்தான் இருக்கு. நீங்க போறதுதான் எனக்குச் சரியாப் படல" என்றார். வண்டி நகரும்போது, ஒட்டாமல் மிச்சம் வைத்திருந்த தாள் ஒன்றைச் சுருட்டி ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார்.

அந்தக் கம்மஞ்சோற்றுக்காரர் இப்போது என் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறார். வருகிறவர்கள் எல்லாரும், "என்ன சார், படம் மாறி விழுந்திருக்கே?" என்று கேட்கிறார்கள். நானும் அவர்களுக்காக உற்று உற்றுப் பார்க்கிறேன். எனக்கு அது நேராகத்தான் தெரிகிறது.